பூஞ்சையைக் கொல்லும் மாத்திரை நம் ஹார்மோனில் ஏன் கை வைக்கிறது? டாக்டர் பால் யான்சென் கதை

கம்பம் பள்ளத்தாக்கில் சேத்துப்புண் வராத வீடு குறைவு. முல்லைப் பெரியாறு தண்ணீர் பாயும் நெல் வயல், பன்னீர் திராட்சைப் பந்தல், சின்னமனூர் பக்கத்து வாழைத் தோட்டம் என்று எங்கே போனாலும் காலில் ஈரம், உடம்பில் வியர்வை. கூடவே வந்து ஒட்டிக்கொள்வது படர்தாமரை. தொடை இடுக்கில் வட்டமாக ஆரம்பித்து, அரித்து, பரவி, ஒருத்தரிடமிருந்து வீட்டில் எல்லோருக்கும் போய்விடும். தேனியிலோ உத்தமபாளையத்திலோ டாக்டரிடம் காட்டினால் எழுதித் தரும் மாத்திரையின் பெயர் பெரும்பாலும் ‘கோனசோல்’ என்று முடியும்.

சரி, நான் வயலில் இறங்குவதே இல்லை, சென்னையில் ஏசி அறையில் வேலை பார்க்கிறேன் என்கிறீர்களா? உங்கள் பாத்ரூமில் இருக்கும் பொடுகு ஷாம்பு பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். கீட்டோகோனசோல் என்று இருக்க வாய்ப்பு அதிகம்.

இந்தக் கீட்டோகோனசோல் 1980-களின் தொடக்கத்தில் மருத்துவ உலகத்தைக் கொஞ்சம் ஆட்டிப் பார்த்தது. பூஞ்சைக்காக மாத்திரை சாப்பிட்ட சில ஆண்களுக்கு மார்பு வீங்கியது. ரத்தத்தைப் பரிசோதித்தபோது ஆண் ஹார்மோன் குறைந்திருந்தது. பூஞ்சைக்கும் ஹார்மோனுக்கும் என்ன சம்பந்தம்?

பதில் தெரிய, அந்த மாத்திரை பிறந்த ஆய்வகத்துக்குப் போக வேண்டும். பெல்ஜியத்தில் அதைக் கட்டியவர் பால் யான்சென். கொரோனா காலத்தில் ஒற்றை டோஸ் தடுப்பூசி ஒன்றின் பெட்டியில் யான்சென் என்ற பெயரைப் பார்த்திருப்பீர்கள். அது இவர் பெயர்தான். ஜான்சன் அண்ட் ஜான்சன் என்பது அமெரிக்க நிறுவனம். யான்சென் என்பது அதன் குடைக்குள் போன பெல்ஜிய நிறுவனம். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஊர் டாக்டர் வீட்டுப் பையன்

பால் யான்சென் 1926 செப்டம்பர் 12 அன்று பெல்ஜியத்தின் டர்ன்ஹௌட் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா கான்ஸ்டன்ட் யான்சென் ஊரில் பார்த்துவந்த சாதாரண குடும்ப மருத்துவர். 1930-களில் அவர், ஹங்கேரியின் ரிக்டர் நிறுவன மருந்துகளைத் தன் நாட்டில் விற்கும் உரிமையை வாங்கி வியாபாரத்தில் இறங்கினார். அதனால் வீட்டுக்குள்ளேயே மருத்துவமும் மருந்து வியாபாரமும் இரண்டும் இருந்தன.

பால் சிறுவனாக இருக்கும்போதே அவருடைய நான்கு வயதுத் தங்கை மூளைச்சவ்வைத் தாக்கிய காசநோயால் இறந்துபோனாள். அப்பா டாக்டர். ஆனாலும் கொடுக்க மருந்து இல்லை. காசநோயை நிறுத்தும் ஸ்ட்ரெப்டோமைசின் அப்போது கண்டுபிடிக்கப்படவே இல்லை. மருத்துவம் படிக்க வேண்டும் என்ற முடிவு அந்தச் சாவில் இருந்துதான் வந்தது என்று அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது நமூர் நகரில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்தார். பிறகு லூவெனிலும் கென்ட் பல்கலைக்கழகத்திலும் மருத்துவம். 1951-ல் டாக்டர் பட்டம். செஸ்ஸில் கெட்டிக்காரர். மாணவனாக அமெரிக்காவைச் சுற்றிப் பார்க்கப் போனபோது, நியூயார்க்கில் செஸ் ஆடிச் சம்பாதித்துச் செலவைச் சமாளித்தார் என்று ஒரு கதை உண்டு.

அப்பாவிடம் கடன், சொந்த ஆய்வகம்

பட்டம் வாங்கியவர் கிளினிக் திறக்கவில்லை. அப்பாவின் நிறுவனத்தில் மேலாளர் நாற்காலியிலும் உட்காரவில்லை. இன்னொருவர் கண்டுபிடித்த மருந்தை விற்பதைவிடப் புது மருந்து கண்டுபிடிப்பதே தன் வேலை என்று தீர்மானித்தார். 1953-ல் அப்பாவிடம் 50,000 பெல்ஜியன் பிராங்க் கடன் வாங்கி ஆய்வகம் ஆரம்பித்தார். அப்போது அவருக்கு 27 வயதுகூட முழுதாக ஆகவில்லை.

அவர் போட்ட கணக்கு எளிமையானது. ஒரு மருந்து மூலக்கூறு உடம்பில் என்ன செய்கிறது என்பது அதன் வடிவத்தைப் பொறுத்தது. வடிவத்தில் ஒரு ஓரத்தை மட்டும் மாற்றினால் வேலையும் மாறும். எனவே மலிவான மூலப்பொருளை எடு, ஒவ்வொரு ஓரமாக மாற்று, ஒவ்வொன்றையும் எலியிடம் சோதித்துப் பார். தயாரித்த ஒவ்வொரு பொருளுக்கும் ஆர் என்ற எழுத்தும் ஒரு எண்ணும். முதலில் கிடைத்த மருந்துகளில் ஒன்று மாதவிடாய் வலிக்கானது.

அந்த எண்களைத் தொடர்ந்து போனால் மருந்து உலகின் வரலாறே தெரியும். ஆர் 1625 என்பது ஹாலோபெரிடால். 1958-ல் வந்த இந்த மருந்து, மனச்சிதைவு நோயாளிகளை வருடக்கணக்கில் மருத்துவமனைக்குள் பூட்டி வைக்கும் வழக்கத்தை மாற்றியதில் பெரிய பங்கு வகித்தது. ஆர் 4263 என்பது ஃபென்டனில். அறுவை சிகிச்சை அரங்கில் இன்றும் அன்றாடம் பயன்படும் வலி மருந்து. அதே ஃபென்டனில் கள்ளத்தனமாகத் தயாரிக்கப்பட்டு, போதைப்பொருளாக அமெரிக்காவில் உயிர்களைக் குடித்துக்கொண்டிருப்பதும் உண்மை. ஆர் 18553 என்பது லோபெரமைட். வயிற்றுப்போக்குக்கு நாம் போடும் சின்ன மாத்திரை. வாந்திக்குப் போடும் டோம்பெரிடோனும் இங்கிருந்துதான் வந்தது. ஆக, உங்கள் வீட்டு மருந்து டப்பாவில் யான்சென் ஏற்கெனவே குடியிருக்கிறார்.

1957-ல் ஆய்வகத்துக்குப் பக்கத்துக் கிராமமான பேர்சேயில் புது இடம் கிடைத்தது. 1961-ல் ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனத்தை வாங்கியது. ஆனால் ஆய்வகத்தின் கடிவாளம் யான்சென் கையிலேயே இருந்தது. ஊழியர்களுக்கு அவர் டாக்டர் பால். அவ்வளவுதான்.

பூஞ்சை ஏன் கஷ்டமான எதிரி?

1960-ல் காங்கோ, பெல்ஜியத்தின் ஆட்சியிலிருந்து விடுபட்டது. அங்கே வேலை பார்த்த மருத்துவர்களும் கால்நடை மருத்துவர்களும் நாடு திரும்பினார்கள். அவர்களில் சிலரை யான்சென் சேர்த்துக்கொண்டார். வெப்ப நாட்டின் நோய்களை நேரில் பார்த்தவர்கள் அவர்கள். குடற்புழுவும் பூஞ்சையும் எப்படிப் படுத்தும் என்று அவர்களுக்குத் தெரியும். குளிர்நாட்டு ஆய்வகத்துக்கு, நம்ம ஊர் மாதிரி இடங்களின் நோய்கள் மேல் அக்கறை வந்ததில் இதற்கும் பங்கு உண்டு.

ஆனால் பூஞ்சையை அடிப்பது சுலபம் இல்லை. பாக்டீரியா நமக்கு ரொம்பத் தூரத்துச் சொந்தம். அதன் செல்லுக்கு வெளியே நம்மிடம் இல்லாத ஒரு சுவர் இருக்கிறது. பென்சிலின் அந்தச் சுவர் கட்டும் வேலையைக் கெடுக்கிறது. நமக்கு அந்தச் சுவரே இல்லாததால் நம் செல்லுக்குச் சேதம் இல்லை. பூஞ்சையோ உயிரின மரத்தில் செடிகொடிகளைவிட விலங்குகளுக்கு நெருக்கம். அதன் செல்லுக்குள் நடக்கும் வேலைகளில் நிறைய, நம் செல்லுக்குள்ளும் நடக்கின்றன. அதைக் கொல்லும் பொருள் நம்மையும் கொல்லும் ஆபத்து எப்போதும் உண்டு.

வித்தியாசம் ஒன்று இருக்கிறது. நம் செல்களின் மேல் சவ்வில் கொலஸ்ட்ரால் இருக்கும். பூஞ்சையின் சவ்வில் அந்த இடத்தில் எர்கோஸ்டீரால் இருக்கும். எர்கோஸ்டீரால் தயாரிப்பை நிறுத்தினால் பூஞ்சையின் சவ்வு ஒழுகிப்போகும், பூஞ்சை வளராது.

1960-களின் கடைசியில் யான்சென் ஆய்வகத்தில் மைகோனசோல் வந்தது. நல்ல மருந்து. ஆனால் வாய்வழி சாப்பிட்டால் உடம்பில் சரியாக ஏறாது. பெரும்பாலும் களிம்பாகவே பயன்பட்டது. தோலில் இருக்கும் பூஞ்சைக்கு அது போதும். நுரையீரலுக்குள்ளும் ரத்தத்துக்குள்ளும் போன பூஞ்சைக்கு? அன்றைக்கு இருந்த முக்கிய ஆயுதம் ஆம்ஃபோடெரிசின். ஊசி வழியாகத்தான் ஏற்ற வேண்டும், சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். 2021-ல் கரும்பூஞ்சை பரவியபோது தமிழ்நாட்டு மருத்துவமனைகள் தட்டுப்பாட்டில் தேடி அலைந்ததும் இதே மருந்தைத்தான்.

ஆர் 41400

விழுங்கினால் வேலை செய்யும் பூஞ்சை மாத்திரையைத் தேடும் வேலை தொடர்ந்தது. 1970-களின் நடுவில் யான் ஹேரஸ் என்ற வேதியியலாளரும் அவருடைய குழுவினரும் ஆர் 41400 என்ற பொருளைத் தயாரித்தார்கள். அதுதான் கீட்டோகோனசோல். பலவிதப் பூஞ்சைகளை அடக்கியது, வயிற்றிலிருந்து ரத்தத்துக்கும் ஏறியது. 1981-ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. ஊசி போட மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்த நோயாளிகளுக்கு, வீட்டில் இருந்தபடியே மாத்திரை போட்டுக்கொள்ளலாம் என்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த வகை மருந்துகள் பூஞ்சையை எப்படி அடக்குகின்றன என்பதை விளக்கியவர்களில் முக்கியமானவர், அதே ஆய்வகத்தின் உயிர்வேதியியலாளர் ஹூகோ வாண்டன் போஸ்ஸே. எர்கோஸ்டீரால் தயாராகும் வழியில் ஒரு நொதி இருக்கிறது. அதன் நடுவில் ஒரு இரும்பு அணு. மருந்தில் உள்ள நைட்ரஜன் அணு அந்த இரும்பைப் போய்ப் பிடித்துக்கொள்கிறது. இரும்பு சிக்கினால் நொதி முடங்கும். நொதி முடங்கினால் எர்கோஸ்டீரால் கிடையாது.

பிரச்சினையும் இங்கேதான் ஒளிந்திருந்தது. அந்த நொதி தனி ஆள் இல்லை. சைட்டோகுரோம் பி450 என்று பெரிய குடும்பம். எல்லோருக்கும் நடுவில் இரும்பு உண்டு. பூஞ்சையில் மட்டும் இல்லாமல் நம் கல்லீரலிலும், சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியிலும், ஆண்களின் விரையிலும், பெண்களின் சினைப்பையிலும் இந்தக் குடும்பத்து நொதிகள் வேலை பார்க்கின்றன.

அங்கே என்ன வேலை? கொலஸ்ட்ராலை எடுத்து, படிப்படியாக வெட்டி ஒட்டி, ஸ்டீராய்டு ஹார்மோன்களாக மாற்றுவது. உடம்பு நெருக்கடியில் இருக்கும்போது காப்பாற்றும் கார்ட்டிசால், உப்பையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொள்ளும் ஆல்டோஸ்டீரோன், ஆண் ஹார்மோன் டெஸ்டோஸ்டீரோன், பெண் ஹார்மோன் ஈஸ்ட்ரோஜன் எல்லாமே ஒரே கொலஸ்ட்ராலில் இருந்து கிளம்பி, வேறு வேறு நொதிகள் வழியாகப் போகிற பாதைகள். பஸ் ஸ்டாண்டில் இருந்து கிளம்பும் வண்டிகள் மாதிரி. வழியில் ஒரு பாலத்தை அடைத்தால், அதைத் தாண்டிப் போகும் எல்லா ஊருக்கும் வண்டி நின்றுவிடும்.

நோயாளிகள் காட்டிய உண்மை

கீட்டோகோனசோல் பூஞ்சையின் நொதியைத்தான் மிக இறுக்கமாகப் பிடிக்கும். குறைந்த அளவில் மனித நொதிகளை அவ்வளவாகத் தொடாது. அளவு கூடும்போது நிலைமை மாறுகிறது. 1981, 1982 ஆண்டுகளில் ஆண் நோயாளிகளுக்கு மார்பு வீங்கியதை மருத்துவர்கள் கவனித்து எழுதினார்கள். கலிஃபோர்னியாவில் ஒரு குழு ரத்தத்தை அளந்து பார்த்தது. மாத்திரை போட்ட சில மணி நேரத்தில் டெஸ்டோஸ்டீரோன் இறங்கியது, மருந்து உடம்பிலிருந்து வடிய வடிய மீண்டும் ஏறியது. அட்ரீனல் சுரப்பியிலும் கார்ட்டிசால் தயாரிப்பு மட்டுப்பட்டது. ஆணின் உடம்பிலும் கொஞ்சம் ஈஸ்ட்ரோஜன் உண்டு. டெஸ்டோஸ்டீரோன் அதைவிட அதிகமாக விழுந்ததும் தராசு சாய்ந்தது. மார்பு வீங்கியதற்கு அதுதான் காரணம்.

அதே சமயத்தில் இதைவிடப் பயங்கரமான இன்னொரு பாடம் வந்தது. யான்சென் ஆய்வகத்தில் 1960-களில் பிறந்த இன்னொரு பொருள் எடோமிடேட், எண் ஆர் 16659. பூஞ்சை மருந்து தேடும்போது கிடைத்தது என்றே மருத்துவ எழுத்துகள் குறிப்பிடுகின்றன. எலிக்குக் கொடுத்தால் தூங்கிவிட்டது. எனவே மயக்க மருந்தாக மாறியது. இதயத்தைப் பெரிதாகத் தொந்தரவு செய்யாது என்பதால் மருத்துவர்களுக்குப் பிடித்துப்போனது. தீவிர சிகிச்சைப் பிரிவில் நாள்கணக்கில் சொட்டுச் சொட்டாக ஏற்றவும் ஆரம்பித்தார்கள்.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் லெடிங்ஹாம், வாட் என்ற இரண்டு மருத்துவர்கள் தங்கள் நோயாளிகளின் பதிவேடுகளைப் புரட்டினார்கள். விபத்தில் பலத்த காயம் பட்டவர்களில், எடோமிடேட் தொடர்ந்து ஏற்றப்பட்டவர்கள் அதிகமாக இறந்திருந்தார்கள். 1983-ல் இதை வெளியிட்டார்கள். காரணம் சீக்கிரமே தெளிவானது. எடோமிடேட் அட்ரீனல் சுரப்பியில் கார்ட்டிசாலின் கடைசிப் படியைச் செய்யும் நொதியை முடக்குகிறது. உயிருக்குப் போராடும் உடம்புக்கு கார்ட்டிசால் மிகத் தேவையான நேரத்தில், அதைத் தயாரிக்கும் இடத்தை மருந்தே அடைத்துவிட்டது. அதன் பிறகு எடோமிடேட்டைத் தொடர்ந்து ஏற்றும் வழக்கம் கைவிடப்பட்டது. மூச்சுக்குழாய் பொருத்தும்போது ஒரே ஒரு டோஸ் கொடுக்கும் பழக்கம் மட்டும் இன்றும் இருக்கிறது.

கீட்டோகோனசோலும் எடோமிடேட்டும் வேறு வேறு நோக்கத்துக்காக வந்தவை. ஆனால் இரண்டின் உடலிலும் இமிடசோல் என்ற ஒரே வளையம் இருக்கிறது. இரும்பைப் பிடிக்கும் கை அதுதான். ஒரு ஓரத்தை மாற்றினால் வேலை மாறும் என்று யான்சென் நம்பியது சரி. மாற்றாமல் விட்ட பகுதி பழைய வேலையைத் தொடர்ந்து செய்யும் என்பதையும் அவருடைய மருந்துகளே காட்டிக்கொடுத்தன. ஆய்வகத்து எலியைவிட, மாத்திரை சாப்பிட்ட மனிதர்களும் அவர்களைக் கவனித்துப் பார்த்த மருத்துவர்களும்தான் இதைக் கண்டுபிடித்தார்கள்.

கெடுதலே மருந்தானது

கதை இங்கே ஒரு திருப்பம் எடுக்கிறது. ஹார்மோனைக் குறைப்பது கெடுதல்தான். ஆனால் ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரப்பதே நோயாக இருந்தால்?

புராஸ்டேட் புற்றுநோய் டெஸ்டோஸ்டீரோனைத் தின்று வளரும். டொராண்டோவில் ஜான் டிராக்டன்பெர்க் 1980-களின் தொடக்கத்தில் கீட்டோகோனசோலை அதிக அளவில் கொடுத்து ஹார்மோனைச் சடாரென்று இறக்கிக் காட்டினார். இந்த வழியைச் செம்மைப்படுத்தி, ஒரு குறிப்பிட்ட நொதியை மட்டும் குறிவைத்து லண்டன் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தில் உருவானது அபிராடெரோன். 2011-ல் அமெரிக்கா அதற்கு அனுமதி கொடுத்தது, யான்சென் பெயரிலேயே அது விற்பனையானது. பூஞ்சை மாத்திரையின் பக்கவிளைவு, முப்பது வருஷம் சுற்றி அதே வீட்டுக்குப் புற்றுநோய் மருந்தாகத் திரும்பி வந்தது.

குஷிங் நோய் என்று ஒன்று இருக்கிறது. உடம்பு கார்ட்டிசாலை அளவில்லாமல் சுரந்துகொண்டே இருக்கும். முகம் உருண்டையாகும், வயிறு பெருக்கும், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறும். இதற்குக் கீட்டோகோனசோலைக் கொடுத்துப் பலன் கண்டார்கள். 2014-ல் ஐரோப்பா இந்த நோய்க்காகவே அதற்குத் தனி அனுமதி கொடுத்தது.

வேடிக்கை என்னவென்றால், அதற்கு ஒரு வருடம் முன்பு, 2013 ஜூலையில், அதே ஐரோப்பாவின் மருந்து ஆணையம் பூஞ்சைத் தொற்றுக்குக் கீட்டோகோனசோல் மாத்திரை தருவதை நிறுத்தப் பரிந்துரைத்திருந்தது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமும் அதே மாதம் அதன் பயன்பாட்டைக் கடுமையாகச் சுருக்கியது. கல்லீரல் சேதம், அட்ரீனல் பாதிப்பு, மற்ற மருந்துகளோடு மோதல் ஆகியவை காரணம். தோல், நகப் பூஞ்சைக்கு இந்த மாத்திரையே வேண்டாம் என்பதுதான் சாரம். ஷாம்புவுக்கும் களிம்புக்கும் இந்தக் கட்டுப்பாடு இல்லை. தோல் வழியாக ரத்தத்துக்குப் போகும் அளவு மிகக் குறைவு என்பதால் பொடுகு ஷாம்பு பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

கடைசி வரை ஓயாத மனிதர்

தன் மருந்துகள் இப்படி எதிர்பாராத வழிகளில் போய்க்கொண்டிருந்தபோது யான்சென் ஓய்ந்து உட்காரவில்லை. கீட்டோகோனசோலுக்கு அடுத்து அவருடைய ஆய்வகத்தில் இருந்து இட்ராகோனசோல் வந்தது, எண் ஆர் 51211. இமிடசோலுக்குப் பதில் டிரையசோல் வளையம். பூஞ்சையின் நொதியை விட்டு மனிதனின் ஹார்மோன் நொதிகளுக்குத் தாவும் குணம் இதில் வெகுவாகக் குறைந்தது. இன்று நம்ம ஊரில் படர்தாமரைக்குப் பரவலாக எழுதப்படுவது இதுதான்.

1980-களில் சீனாவின் சியான் நகரில் மருந்து ஆலை அமைத்தார்கள். அந்த ஊரில்தான் மண்ணுக்கு அடியிலிருந்து எடுக்கப்பட்ட ஆயிரக்கணக்கான சுடுமண் போர்வீரர் சிலைகள் இருக்கின்றன. சிலைகள் மேல் பூஞ்சை படர ஆரம்பித்தபோது, அவற்றைக் காப்பாற்ற அருங்காட்சியகத்தோடு கைகோத்ததும் இதே நிறுவனம்தான். மனிதனுக்குத் தயாரித்த அறிவு, இரண்டாயிரம் வருடப் பழைய களிமண் வீரனுக்கும் பயன்பட்டது.

1991-ல் பெல்ஜிய மன்னர் அவருக்கு பேரன் பட்டம் கொடுத்தார். நிறுவனப் பொறுப்பில் இருந்து விலகிய பிறகும் எய்ட்ஸ் வைரஸுக்கான மருந்துகளைக் கணினி உதவியோடு வடிவமைக்கும் குழுவை நடத்தினார். அந்த உழைப்பில் இருந்து வந்த ரில்பிவிரின் 2011-ல் அனுமதி பெற்றபோது அவர் உயிரோடு இல்லை. 2003 நவம்பர் 11 அன்று ரோம் நகரில், அறிவியல் கழகம் ஒன்றின் 400-வது ஆண்டு விழாவுக்குப் போயிருந்த இடத்தில் இறந்தார். வயது 77. மனைவி டோரா, ஐந்து பிள்ளைகள். அவர் பெயரில் இருந்த காப்புரிமைகள் நூறுக்கும் மேல். 2005-ல் டச்சு மொழி பேசும் பெல்ஜியர்களிடம் எல்லாக் காலத்திலும் மிகச் சிறந்த பெல்ஜியர் யார் என்று தொலைக்காட்சி வாக்கெடுப்பு நடந்தபோது, தொழுநோயாளிகளுக்குச் சேவை செய்து இறந்த பாதிரியார் டேமியனுக்கு அடுத்த இடம் பால் யான்செனுக்கு.

சரி, நமக்கு இதில் என்ன?

முதலாவது, ஸ்டீராய்டும் பூஞ்சை மாத்திரையும் சேரும் இடம். இட்ராகோனசோல் ஹார்மோன் தயாரிப்பைப் பெரிதாகக் கெடுக்காது என்று பார்த்தோம். ஆனால் அது கல்லீரலில் உள்ள, அதே பி450 குடும்பத்து நொதி ஒன்றை முடக்கும். நாம் வெளியிலிருந்து எடுக்கும் பல ஸ்டீராய்டு மருந்துகளைக் கரைத்து வெளியேற்றுவது அந்த நொதிதான். ஆஸ்துமாவுக்கு புடெசோனைட் அல்லது ஃப்ளூட்டிகசோன் இன்ஹேலர் எடுக்கும் ஒருவர் இட்ராகோனசோலும் சாப்பிட்டால், உறிஞ்சும் ஸ்டீராய்டு வெளியேறாமல் உடம்பில் தேங்கும். வாரங்கள் போகப் போக முகம் உப்பும், எடை ஏறும். வெளியிலிருந்தே இவ்வளவு வருகிறதே என்று அட்ரீனல் சுரப்பி தன் வேலையை நிறுத்திவிடும். இது மருத்துவ இதழ்களில் திரும்பத் திரும்பப் பதிவான விஷயம். இன்ஹேலரை ஒரு மருந்தாகவே நினைக்காமல் டாக்டரிடம் சொல்லாமல் விடுவதுதான் இதில் பெரிய ஆபத்து.

இரண்டாவது, களிம்பு. படர்தாமரைக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் பல ஆயின்ட்மென்ட்களில் பூஞ்சை மருந்தோடு வீரியமான ஸ்டீராய்டும் கலந்திருக்கும். தடவிய அன்றே அரிப்பு நின்றுவிடும். ஆனால் பூஞ்சை போகாது, உள்ளுக்குள் பரவும். விடாமல் மாதக்கணக்கில் பெரிய பரப்பில் தடவினால் அந்த ஸ்டீராய்டு ரத்தத்துக்கும் போய் அட்ரீனல் சுரப்பியை மந்தமாக்கலாம். 2018-ல் மத்திய அரசு இப்படிப்பட்ட ஸ்டீராய்டு களிம்புகளை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. அட்டையில் குளோபெட்டசோல், பீட்டாமெத்தசோன் மாதிரி பெயர் இருந்தால், டாக்டர் சொல்லாமல் தொட வேண்டாம். ஏற்கெனவே நீண்ட நாள் தடவிக்கொண்டிருந்தால் பயந்து சடாரென்று நிறுத்தவும் வேண்டாம். டாக்டரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறைப்பதே பாதுகாப்பு.

மூன்றாவது, கரும்பூஞ்சைக்குத் தரப்படும் போசகோனசோல். சிலருக்கு இது அட்ரீனலில் ஒரு படியை அடைத்து ரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். தீவிர நோய்க்கு உயிர் காக்கும் மருந்து என்பதால் நிறுத்தக் கூடாது. ஆனால் அழுத்தத்தையும் பொட்டாசியத்தையும் அளந்துகொண்டே இருக்க வேண்டும்.

நான்காவது, தோட்டம். திராட்சையில் சாம்பல் நோய்க்கு அடிக்கும் ஹெக்சகோனசோல், வாழையில் இலைப்புள்ளி நோய்க்கு அடிக்கும் புரோபிகோனசோல் ஆகியவையும் இதே அசோல் குடும்பம்தான். பூஞ்சையின் அதே நொதியைத்தான் இவையும் பிடிக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2018-ல் புரோபிகோனசோலுக்கான அனுமதியைப் புதுப்பிக்கவில்லை. கருவில் வளரும் குழந்தைக்குத் தீங்கு செய்யக்கூடிய வகையில் அதைச் சேர்த்தது அதற்கு ஒரு காரணம். கம்பம் பன்னீர் திராட்சை 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய பெருமை நமக்கு உண்டு. அந்தப் பந்தலுக்குக் கீழே அண்ணாந்து பார்த்து மருந்து அடிப்பவருக்கு முகக்கவசமும் கையுறையும் முழுக்கைச் சட்டையும் வேண்டும். கர்ப்பிணிகள் அந்த வேலையில் இருக்கவே கூடாது. அட்டையில் போட்டிருக்கும் நாள் கணக்கு முடிந்த பிறகே பழம் பறிக்க வேண்டும்.

எந்தப் பூஞ்சை மாத்திரை சாப்பிடும்போதும் காரணம் தெரியாத கடும் சோர்வு, எழுந்தால் தலைசுற்றல், வாந்தி, எடை இறங்குதல் இருந்தாலும், ஆண்களுக்கு மார்பில் வலியோ வீக்கமோ வந்தாலும், முகம் திடீரென்று உருண்டையானாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். காலையில் ரத்தத்தில் கார்ட்டிசால் அளவைப் பார்த்தால் பெரும்பாலும் விவரம் தெரிந்துவிடும். போகும்போது இன்ஹேலர், களிம்பு, மூக்கு ஸ்பிரே, நாட்டு மருந்து என்று எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். கிளாஸ்கோவிலும் கலிஃபோர்னியாவிலும் உண்மை தெரியவந்தது, நோயாளிக்கு என்ன மருந்து போகிறது, உடம்பில் என்ன மாறுகிறது என்ற இரண்டையும் யாரோ ஒருவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததால்தான்.